பாதியில் நின்ற அத்தியாயம்

பக்கவாதம் வந்து பேச்சு போன பிறகு தேவகனியிடம் மிஞ்சியது ஒரே ஒரு வார்த்தை. மக்கா.

அந்தப் பக்கத்தில் பிள்ளைகளைப் பிரியமாகக் கூப்பிடும் வார்த்தை. தண்ணீர் வேண்டுமென்றாலும் மக்கா. மின்விசிறியை நிறுத்தச் சொன்னாலும் மக்கா. சபைப் போதகர் வந்து தலையில் கைவைத்து ஜெபித்து முடித்தபோது, ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் அவரையும் மக்கா என்றாள். அவர் அவள் மகனைவிட இளையவர். சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டார். பயிற்சி கொடுக்க வந்த பெண் "வலது கையத் தூக்குங்க அம்மா" என்றாள். தேவகனி இடது கையைத் தூக்கினாள். இருப்பது இதுதான், இதை வைத்துச் சமாளி என்பதுபோல ஒரு மக்கா.

மகன் எபின் கத்தாரிலிருந்து அவசர லீவில் வந்திருந்தான். தரைக்கடியில் ஓடும் மின்கேபிளில் எந்த இடத்தில் பழுது என்று கண்டுபிடிப்பது அங்கே அவன் வேலை. மனைவி பெபிஷா அங்கேயே நர்ஸ். அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. தினமும் போனில் விசாரித்தாள்.

"அத்தைக்கு வார்த்ததான் போயிருக்கு. அர்த்தம் போவல்ல. நாம செல்லுதது எல்லாம் விளங்கும். அதனால காது கேக்காத ஆளுகிட்ட கத்துறது மாதிரி கத்தாதீங்க."

எபின் அதுவரை கத்திக்கொண்டுதான் இருந்தான். நிறுத்திக்கொண்டான்.

எழுத்தும் போயிருந்தது. வேதப் புத்தகத்தை மடியில் வைத்தால் தேவகனி இடது கையால் தாள்களைப் புரட்டுவாள், கண்ணை இடுக்கிப் பார்ப்பாள், மறுபடியும் புரட்டுவாள். தெரிந்த வீட்டு வாசலில் நின்று கதவு எது என்று தேடுகிறவள் போல இருக்கும். பிறகு புத்தகத்தைத் தள்ளிவிடுவாள்.

வாசித்துக் காட்டினால் ஆறுதலாக இருக்கும் என்று பக்கத்து வீட்டு ஞானபாய் சொன்னாள். ஞானபாய்தான் சபையில் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் செயலாளர். தேவகனியின் மாட்டை இப்போது பார்த்துக்கொள்வதும் அவள்தான். ஒரு சாயங்காலம் சங்கத்துப் பெண்களோடு வந்து கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, உன்னதமானவருடைய மறைவில் தங்குகிறவனைப் பற்றிய சங்கீதத்தை அழகாக வாசித்தாள். நாலு வரி தாண்டுவதற்குள் தேவகனி கட்டில் சட்டத்தைத் தட்ட ஆரம்பித்தாள்.

"மக்கா. மக்கா. மக்கா."

"அக்கா ஆவியில நெறஞ்சு துதிக்குதாவ" என்றாள் கூட வந்த ஒருத்தி.

எபின் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். துதி இல்லை. சின்ன வயதில், ஜெபம் முடிவதற்குள் அவன் மீன் சட்டிக்குள் கையை விட்டபோது வந்த முகம் அது.

மறுநாள் வேறு சங்கீதம். அதே தட்டல். அதற்கடுத்த நாள் யோவான் சுவிசேஷம். தேவகனி முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். கஞ்சியும் வேண்டாம் என்று கையைத் தட்டிவிட்டாள். கண்ணோரம் நீர் இறங்கியது.

ஞானபாய்க்குத் தாங்கவில்லை. திண்டில் கிடந்த துண்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

"ஒரு நாளு வேதத்த விட்ட மனுஷியா அது? இப்போ வாசிச்சா மொகத்தத் திருப்புதா. எனக்குச் சகிக்கல்ல மக்கா. இனி வாசிக்காண்டாம். கெடந்து நிம்மதியா ஒறங்கட்டும்."

எபினுக்கு அது சரியாகப் படவில்லை. அவன் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. விளக்கு எரியாவிட்டால் விளக்கைக் குற்றம் சொல்லக் கூடாது.

*

தேவகனி ஐந்தாம் வகுப்போடு நின்றவள். அண்டி ஆபீசில் வேலை. முந்திரிக் கொட்டை ஆலைக்கு அந்தப் பக்கத்தில் அண்டி ஆபீஸ் என்றுதான் பேர். வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டிப் பருப்பெடுக்க வேண்டும். தோட்டிலிருந்து வரும் எண்ணெய் விரல்களைக் கறுப்பாக்கிவிடும். சாம்பலுக்கும் போகாது, சோப்புக்கும் போகாது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் அந்த விரல்களை மடக்கி வைத்துக்கொள்ளும் பெண்கள் உண்டு. தேவகனி மடக்க மாட்டாள். அந்த விரலால்தான் தினமும் வேதத்தின் தாள்களைப் புரட்டினாள்.

காலையில் ஒரு அத்தியாயம். ஆதியாகமத்தில் ஆரம்பித்தால் வெளிப்படுத்தலில்தான் முடிப்பாள். முடித்த மறுநாள் மறுபடி ஆதியாகமம். ஒரு சுற்றுக்கு மூன்று வருஷத்துக்கு மேல் ஆகும். நடுவில் எதையும் தாண்ட மாட்டாள். கண்ணை மூடிக்கொண்டு புத்தகத்தைத் திறந்து, விரல் பட்ட வசனத்தை இன்றைய வாக்குத்தத்தம் என்று எடுத்துக்கொள்ளும் வழக்கம் அவளிடம் கிடையாது. ஞானபாய் அப்படிச் செய்வாள்.

"ஏட்டி, ஒனக்க வீட்டுக்காரர் பேசும்போ, ஒனக்குப் புடிச்ச வார்த்த வரும்போ மட்டுந்தான் காதத் தொறப்பியா?" என்று தேவகனி கேட்பாள்.

"அவரு பேசும்போ நான் தொறக்கதே இல்ல" என்பாள் ஞானபாய்.

வாசித்ததைத் தேவகனி அண்டி ஆபீசுக்குக் கொண்டுபோவாள். பக்கத்துப் பலகையில் உட்காரும் ரீத்தா கடற்கரைக்காரி, கத்தோலிக்க சபை. யாக்கோபின் வீட்டு விவகாரம் அவளுக்கு அக்கம்பக்கத்து விவகாரம் மாதிரி ஆகிவிட்டது. யோசேப்பை அண்ணன்மார் குழியில் இறக்கிய அன்று ஆபீசில் ஏதோ தகராறு, கதவைப் பூட்டிவிட்டார்கள். இரண்டு நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு ரீத்தா பஸ் ஏறி வீட்டுக்கே வந்துவிட்டாள். "பயல வெளிய எடுத்தாவளா இல்லியா, அத மட்டும் செல்லு. நான் போணும்."

தேவகனியிடம் இரண்டு பழக்கங்கள் இருந்தன. வேதத்தில் ஆண்டவர் கேள்வி கேட்டால் பதில் சொல்லிவிடுவாள். ஆதாமே, நீ எங்கே என்று அவர் கேட்கும் இடத்தில், "இங்கதான் இருக்கேன் கர்த்தாவே, அடுப்பாங்கரையில" என்பாள். நான் பூமிக்கு அஸ்திபாரம் போட்டபோது நீ எங்கே இருந்தாய் என்று யோபைக் கேட்கும் இடத்தில், "எனக்க அம்மயே அப்போ பொறக்கல்லியே" என்பாள். யோனா புத்தகம் ஒரு கேள்வியோடு முடிகிறது. அத்தனை ஜனங்களும் அவ்வளவு மிருகங்களும் உள்ள நினிவே பட்டணத்துக்காக நான் இரங்காமல் இருப்பேனோ என்று ஆண்டவர் கேட்கிறார். யோனா பதில் சொன்னதாக எழுதியிருக்காது. அது தேவகனிக்கு ஒவ்வொரு சுற்றிலும் உறுத்தும்.

"கேட்டவரு காத்துட்டு இருக்காருல்லா. யாராவது செல்லாண்டாமா?" என்பாள். பிறகு அவளே சொல்லிவிடுவாள். "செரிதான் கர்த்தாவே. மாடும் பாவந்தான்."

எபினின் அப்பா ராஜையன் டெம்போ ஓட்டியவர். "பேப்பர் வாசிச்சாலும் இவ பதில் செல்லுவா" என்று கேலி செய்வார். இறந்து பல வருஷம் ஆகிறது.

இரண்டாவது பழக்கம், அத்தியாயத்தின் நடுவில் எழுந்திருக்க மாட்டாள். அடுப்பில் பால் பொங்கட்டும், வாசலில் ஆள் நிற்கட்டும். ஒரு தடவை முற்றத்தில் நல்லமிளகு காய்ந்துகொண்டிருந்தது. திடீரென்று மழை. "ஏட்டி, மொளவு நனையுது, எந்தி" என்று ராஜையன் தெருவிலிருந்தே கூப்பாடு போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அவள் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினாள், அவ்வளவுதான். அவரே வாரிக் கட்டினார். பாதி நனைந்துவிட்டது.

"அப்படி என்னத்த வாசிச்ச?"

"நாளாகமம். பேருவ. ஒரே பேருவ."

"பேருக்கா மொளவு போச்சு?"

"ஆண்டவரு ஒவ்வொரு ஆளாட்டு ஞாபகம் வச்சு செல்லிட்டு இருக்காரு. நான் நடுவுல எந்திச்சுப் போனா அவருக்கு எப்படி இருக்கும்? நீங்க பேசும்போ நான் எந்திச்சுப் போவேனா?"

ராஜையன் நனைந்த மிளகைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

*

ஞானபாய் வாசிக்க வேண்டாம் என்று சொல்லிப்போன மறுநாள் காலை எபின் புத்தகத்தைக் கையில் எடுத்தான். வெகுகாலமாக அவன் அதைத் திறந்ததில்லை. தாள்களின் கீழ் மூலையைப் பார்த்தான். பழைய கொட்டையெண்ணெய்க் கறை. அண்டி ஆபீசை விட்ட பிறகு அம்மாவின் விரல்கள் வெளுத்துவிட்டன. புத்தகத்தில் கறை போகவில்லை. எங்கே அதிகம் வாசித்தாள் என்று கறையை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று நினைத்தான். முடியவில்லை. சங்கீதத்திலும் லேவியராகமத்திலும் ஒரே கறுப்பு.

அடையாளத்துக்கு அம்மா வைத்திருக்கும் குருத்தோலைத் துண்டு சங்கீதத்தில் இருந்தது.

பால் செம்போடு ஞானபாய் உள்ளே வந்தாள்.

"மாமி, அம்மா விழுந்த அன்னைக்கு நீங்கதானே மொதல்ல பாத்தது? அப்போ இந்தப் புஸ்தகம் எங்க கெடந்தது?"

"தரையில மக்கா. அடுப்பாங்கரை பெஞ்சுக்குக் கீழ. அக்கா ஒரு பக்கம், வேதம் ஒரு பக்கம் கவுந்து கெடந்தது."

"தொறந்தா கெடந்தது?"

"தொறந்துதான். வேதம் தரையில கவுந்து கெடக்கலாமா? எடுத்துத் தொடச்சு, கண்ணுல ஒத்தி, மூடி மேல வச்சிட்டுத்தான் அக்காவத் தூக்க ஆளு கூப்பிட்டேன்."

"இந்த ஓலை?"

"அது தனியா கெடந்தது. நான்தான் தொண்ணூத்தி ஒண்ணாம் சங்கீதத்துல வச்சேன். நல்ல எடமா இருக்கட்டும்னு." அவள் குரல் தயங்கியது. "தப்பா மக்கா?"

எபின் அம்மாவைப் பார்த்தான். அம்மா இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கை போர்வையைப் பிடித்திருந்தது.

அவள் வாசித்துக்கொண்டிருக்கும்போதுதான் விழுந்தாள். அப்படியென்றால் அத்தியாயம் முடியவில்லை. வாழ்நாளில் முதல் தடவையாக நடுவில் எழுந்து போயிருக்கிறாள். திரும்பிப் போக வழி தெரியவில்லை. வாசிக்கத் தெரியவில்லை, எந்த இடம் என்று சொல்லவும் வாய் இல்லை. வருகிறவர்கள் எல்லோரும் வேறு வேறு இடத்தை வாசிக்கிறார்கள்.

எபின் கட்டிலில் உட்கார்ந்து அவள் இடது கையை எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டான்.

"அம்மா, நான் ஒவ்வொரு எடமா வாசிக்கேன். இந்தச் சுத்துல நீ வாசிச்ச எடம்னா எனக்க கைய அமுக்கு. இன்னும் வரல்லன்னா சும்மா இரி. இந்தச் சுத்து மட்டும். பழைய சுத்து வேண்டாம், கேட்டியா?"

"மக்கா" என்றாள் தேவகனி. அவசரமான மக்கா.

"முழு வேதத்தயும் வாசிக்கப் போறியா? ஒனக்க லீவு தீந்துரும்" என்றாள் ஞானபாய்.

"இல்ல மாமி. பாதியில பிரிச்சுப் பாத்தா போதும். பழுது எந்தப் பாதியில இருக்குன்னு தெரிஞ்சா மத்தப் பாதிய விட்டுரலாம். பொறவு அதுல பாதி."

சங்கீதத்தின் முதல் வரியை வாசித்தான். கை அமுக்கியது. மத்தேயு. கை சும்மா இருந்தது. ஞானபாய் செம்பைத் தரையில் வைத்துவிட்டு உட்கார்ந்தாள். ஏசாயா: அமுக்கியது. தானியேல்: இல்லை. எரேமியா: அமுக்கியது. எசேக்கியேல் முதல் அத்தியாயம்: அமுக்கியது, இம்முறை பலமாக.

"எசேக்கியேலா?" என்றாள் ஞானபாய். "நோயாளிக்கு யாராவது எசேக்கியேல வாசிப்பாவளா?"

எபின் எசேக்கியேலை இரண்டாகப் பிரித்தான். உலர்ந்த எலும்புகளின் பள்ளத்தாக்கு வாசித்தாயிற்று. பலிபீடத்தின் அளவுகள் இன்னும் வரவில்லை. நடுவில் இருந்தது நாற்பதாம் அத்தியாயம். தீர்க்கதரிசியை ஆண்டவர் தரிசனத்தில் ஓர் உயர்ந்த மலைக்குக் கொண்டுபோகிறார். அங்கே கையில் அளவுகோலோடு ஒருவர் நின்று ஆலயத்தை அளந்து காட்டுகிறார். கிழக்கு வாசல்: கை அமுக்கியது. வடக்கு வாசல்: அமுக்கியது. எபின் வேகத்தைக் குறைத்து வரிவரியாக வாசித்தான். தெற்கு வாசல், அதன் தூண்கள், அதன் மண்டபம், ஏறிப்போக ஏழு படிகள். கை அமுக்கியது. உள்முற்றத்தின் வாசல்.

கை அசையவில்லை.

எபின் நிறுத்தினான். அம்மா கண்ணை மூடியிருந்தாள். கை விரல்கள் அவன் உள்ளங்கையில் லேசாகக் கிடந்தன.

"இங்கயா?"

"மக்கா."

அதுவரை அவள் சொன்ன எந்த மக்காவும் அப்படி இருந்ததில்லை.

அப்போதுதான் எபினுக்கு அந்தப் போன் பேச்சு ஞாபகம் வந்தது. விழுவதற்கு முந்தின நாள். சைட்டில் வெயிலில் நின்றுகொண்டு பேசினான். அம்மா சொன்னாள், "நாளைக்குத் தொட்டு ஒரே அளவுதான் மக்கா. வாசல அளப்பாரு, தூண அளப்பாரு, படிய அளப்பாரு. எனக்குக் கண்ணக் கெட்டும். ஒனக்குன்னா புடிக்கும்."

ஞானபாய் மாமி கட்டும் புதுவீட்டு மேஸ்திரியைத்தான் அம்மா சொல்கிறாள் என்று எபின் நினைத்துக்கொண்டான். "பிளான் உண்டுமான்னு அவருகிட்ட கேளு. இருந்தா வாட்ஸாப்புல அனுப்பு, நான் பாத்துச் செல்லுதேன்" என்றான்.

அம்மா சிரித்தாள். சிரித்துச் சிரித்து இருமலே வந்துவிட்டது. "கேட்டுப் பாக்கேன் மக்கா. கண்டிப்பா கேட்டுப் பாக்கேன்" என்று வைத்துவிட்டாள். என்ன சிரிப்பு என்று அன்றைக்கு விளங்கவில்லை.

எபினும் இப்போது சிரித்தான். ஞானபாய் அவனை விநோதமாகப் பார்த்தாள். பிறகு தன்பாட்டுக்குத் தலையில் தட்டிக்கொண்டாள்.

"ஆண்டவரு பேசிட்டு இருந்திருக்காரு. நாங்க வந்து வந்து பேச்ச மாத்திட்டு இருந்திருக்கோம். ஏன் அக்கா கட்டிலத் தட்டாது?"

உள்முற்றத்தின் வாசலிலிருந்து எபின் தொடர்ந்தான். மேசைகள், சுவரில் நாலு விரற்கடை முளைகள், பாடகருடைய அறைகள், மண்டபம், அதன் தூண்கள். அவன் தினமும் பார்க்கும் வரைபடங்கள் போலவே இருந்தது. கட்டி முடித்த பிறகு ஒவ்வொன்றையும் அளந்து குறித்து வைப்பார்களே, அப்படி. எதையும் விடாமல். அத்தியாயம் முடிந்தது. ஞானபாய் பாலைக் காய்ச்சிக் கொண்டுவந்தாள். தேவகனி ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

*

அதன்பிறகு காலைதோறும் ஒரு அத்தியாயம் என்று ஆயிற்று. எபின் லீவை நீட்டித்தான். கம்பெனியிலிருந்து கூப்பிட்டுச் சலித்துக்கொண்டார்கள். பெபிஷா, "இருங்க, இங்க நான் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

ஆலயத்தின் அளவுகள் முடிந்தன. தேசத்தின் எல்லைகள் வந்தன. பிறகு தானியேல், நெருப்புச் சூளை, சிங்கங்கள். ஞானபாய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு, "இன்னைக்கு என்ன நடந்தது?" என்று கேட்டுக்கொண்டு வந்து உட்காருவாள். ரீத்தா ஒருநாள் மீன் கொண்டுவந்தாள். சிங்கக் குகை முடியும்வரை பஸ்ஸை விட்டுவிட்டு இருந்தாள்.

ஆண்டவர் கேள்வி கேட்கும் இடம் வந்தால் எபின் நிறுத்துவான். தேவகனி பதில் சொல்வாள். இருந்த ஒரே வார்த்தையில்தான். ஓசியாவில், எப்பிராயீமே, உன்னை எப்படிக் கைவிடுவேன் என்று அவர் கேட்கும் இடத்தில் எபின் வழக்கம்போல நிறுத்தினான். தேவகனி கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு மிக மெதுவாக, "மக்கா" என்றாள். அது அவள் அவருக்குச் சொன்னதா, அவர் தன்னிடம் சொன்னதாகக் கேட்டதைத் திருப்பிச் சொன்னாளா என்று எபினுக்குத் தெரியவில்லை. கேட்கவும் இல்லை. இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் அறையில் தான் இருக்கிறோம் என்று மட்டும் தெரிந்தது.

ஆமோஸ் முடியும் தறுவாயில் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள், கொண்டுவந்தார்கள். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். போதகர் வந்து நற்கருணை கொடுத்தார். ஞானபாய் கட்டிலுக்குப் பக்கத்தில் மெதுவாகக் கேட்டாள்:

"இப்போவாவது ஒரு சங்கீதம் வாசிக்கலாமா மக்கா?"

"முற சங்கீதத்துல வரல்லியே மாமி. இப்போ யோனா."

"செரி. யோனாவே ஆவட்டும்" என்றாள் ஞானபாய். அவளும் பழகிவிட்டாள்.

யோனாவின் கடைசி அத்தியாயத்தை வாசித்த காலையில் நல்ல வெளிச்சம் இருந்தது. ஞானபாய் தொழுவத்தில் இருந்தாள். செம்பில் பால் விழும் சத்தம் ஜன்னல் வழியாகக் கேட்டது. அம்மாவின் இடது கை எபினின் இடது கையில். நினிவே தப்பித்துவிட்டது என்று யோனா கோபித்துக்கொண்டு ஊருக்கு வெளியே குடிசை போட்டு உட்காருகிறான். ஆண்டவர் அவன் தலைக்கு நிழலாக ஒரு செடியை முளைக்க வைக்கிறார். மறுநாள் ஒரு பூச்சி அதை அரித்துவிடுகிறது. வெயில் ஏறுகிறது. கிழக்குக் காற்று சுடுகிறது.

அந்த இடத்தில் கை விட்டுப்போனது.

எபின் பார்த்தான். கழுத்தில் விரலை வைத்துப் பார்த்தான். மூக்குக்கு நேரே புறங்கையைப் பிடித்தான். மறுபடி கழுத்தில் வைத்தான். ஒரு லைனில் உயிர் இருக்கிறதா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்க்கப் பழகியவன்.

எழுந்திருக்கவில்லை.

இன்னும் சில வசனங்கள் இருந்தன. அம்மாவின் கையை மறுபடி எடுத்துத் தன் கையில் வைத்துக்கொண்டு வாசித்தான். குரல் இரண்டு இடத்தில் நின்றது. நின்ற இடத்திலிருந்து திரும்பவும் எடுத்தான். நீ நட்டு வளர்க்காத ஒரு செடிக்காகப் பரிதபிக்கிறாயே என்று ஆண்டவர் சொல்கிறார். வலது கை எது, இடது கை எது என்று தெரியாத இத்தனை ஜனங்கள் இருக்கிற பட்டணம். மிருகங்களும் அவ்வளவு இருக்கின்றன. நான் இரங்காமல் இருப்பேனோ?

அத்தியாயம் முடிந்தது. புத்தகமும் முடிந்தது. கேள்வி நின்றது.

எபின் வழக்கம்போல நிறுத்தினான். வெளியே மாடு ஒருதரம் கத்தியது. ஞானபாய் அதை அதட்டினாள்.

கேட்டவர் காத்துக்கொண்டிருந்தார்.

"செரிதான் கர்த்தாவே" என்றான் எபின். "மாடும் பாவந்தான்."

அடுத்தது மீகா. குருத்தோலைத் துண்டை அந்தப் பக்கத்தில் வைத்துப் புத்தகத்தை மூடினான். பிறகு எழுந்து, ஜன்னலருகே போய், ஞானபாயைக் கூப்பிட்டான்.